பேரை வெட்டிக்கிட்டா உள்ள விடுவாங்களாம்!

ரொம்ப நாளா நம்ம கடை தூசி படிஞ்சு கெடக்கு. அசைன்மெண்ட், பார்ட் டைம் வேலை, சமையல்னு ஓடுற பொழப்புல எழுத எங்க நேரம்? ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயத்தை எழுதலைன்னா தூக்கம் வராது போல இருக்கு.

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. நமக்குச் சொந்த ஊர் வியாசர்பாடி. சென்னைல மத்த ஏரியா பசங்க பேட்டைத் தூக்கிட்டு அலையும்போது, நாங்க வெறுங்காலோட பந்தை உதைச்சுக்கிட்டு இருப்போம். மெல்போர்ன் வந்த மொத வாரம், கூடப் படிக்கிற பையன் "சனிக்கிழமை ஃபுட்டி பாக்க வரியா?"ன்னு கேட்டான். ஃபுட்பாலைத்தான் செல்லமா சொல்றான்னு நெனச்சு எம்.சி.ஜி.க்குக் கெளம்பிட்டேன்.

உள்ள போனா பந்து பப்பாளிக்காய் மாதிரி நீளமா இருக்கு! ஒரு பக்கத்துக்கு 18 பேர். கம்பம் நாலு, வலை கிடையாது, கோல்கீப்பர் கிடையாது. நடுவுல அடிச்சா 6 பாயிண்ட், குறி தப்பி பக்கத்துல போனாலும் 1 பாயிண்ட். தப்பா எழுதினதுக்கும் மார்க் போடுற வாத்தியார் நமக்கு வாய்க்கலையேன்னு நெனச்சுக்கிட்டேன் :-)

1859-லயே மெல்போர்ன்ல விதிகள் எழுதி வெச்ச சொந்த ஆட்டமாம். இங்க ஃபுட்பால்னா அதான். சிட்னி பக்கம் போனா ரக்பி லீக். நம்ம ஆட்டத்தை இவங்க சாக்கர்னு சொல்றாங்க. பிரிட்டிஷ்காரங்க கூடவே வந்து, 1880-ல சிட்னி பக்கத்துல பரமட்டாவுல மேட்ச் நடந்திருக்கு. ஆனாலும் அது ரொம்ப காலம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி திண்ணையிலயே உக்காந்திருந்தது.

அதை உள்ள கூட்டிட்டு வந்தவங்க யாருன்னு எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். நான் குடியிருக்கிறது ஒரு கிரேக்கப் பெரியவர் வீட்டோட பின்பக்க ரூம்ல. ஒரு நாள் என் பழைய பூட்ஸைப் பாத்துட்டு, "நீ நிஜ ஃபுட்பால் ஆடுவியா?"ன்னு கேட்டார். அன்னிலேர்ந்து நாங்க தோஸ்த்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கிரேக்கர், இத்தாலியர், குரோவேஷியர், மாசிடோனியர், ஹங்கேரியர்னு கப்பல் கப்பலா வந்து இறங்கியிருக்காங்க. வாரம் முழுக்க ஃபேக்டரி. வாரக்கடைசில பந்து. ஆளாளுக்கு ஒரு கிளப். சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ், மெல்போர்ன் குரோவேஷியா, பிரஸ்டன் மக்கடோனியா, சிட்னில செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட். பேரைப் பாத்தாலே யார் வளர்த்த பிள்ளைன்னு தெரிஞ்சுடும். உள்ளூர்க்காரங்க இதை வந்தேறிங்க ஆட்டம்னு கேவலமான வார்த்தை போட்டுக் கிண்டல் பண்ணியிருக்காங்க.

பெரியவர் ஹெல்லாஸ் ரசிகர். 1989-ல ஹங்கேரியோட மகா வீரர் புஷ்காஷ் இந்த கிளப்புக்குக் கோச்சா வந்தாராம். அவருக்கு இங்கிலீஷ் தகராறு. ஆனா ஏதென்ஸ்ல கோச்சா இருந்ததால கிரேக்கம் வரும். கேப்டன்தான் அவரைக் கார்ல கூட்டிட்டுப் போறது, மொழிபெயர்க்கிறது எல்லாம். அந்தக் கேப்டன் அஞ்சு வயசுல கிரேக்கத்துலேர்ந்து இங்க வந்தவர். பேரு ஆஞ்சே போஸ்டகோக்லு. 2025-ல டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான்!

இனிமேதான் மேட்டர். 1977-ல தேசிய லீக் ஆரம்பிச்சபோதே, இந்த நாட்டுப் பேரெல்லாம் இருந்தா மத்த ஜனங்க வரமாட்டாங்கன்னு பேச்சு வந்திருக்கு. 1990-கள்ல ரொம்பக் கறாரா ஆயிடுச்சு. பேரை மாத்து, சின்னத்தை மாத்துன்னு உத்தரவு. மெல்போர்ன் குரோவேஷியா, 'நைட்ஸ்' ஆச்சு. ஹெல்லாஸ் போய், பக்கத்துல ஏரி இருக்கே, அதுக்காகக் கொஞ்ச நாள் 'லேக்கர்ஸ்'!

2004-ல அந்த லீக்கையே மூடிட்டு, 2005-ல எட்டு டீமோட ஏ-லீக்னு தொடங்கினாங்க. இந்த மெல்போர்ன் கிளப்புகளுக்கு அதுல இடமில்ல. அதே வருஷம் நவம்பர் 16, சிட்னில உருகுவேயோட பெனால்டி ஷூட் அவுட். 1974-க்கு அப்புறம் மொத தடவையா ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போகுது. ரெண்டு பெனால்டியைத் தடுத்த ஷ்வார்ஸர், ஜெர்மன் குடியேறிகளோட பிள்ளை. கடைசி கோல் அடிச்ச அலோய்சி, இத்தாலிக்காரங்க தொடங்கின அடிலெய்டு சிட்டில வளர்ந்தவர். கேப்டன் விடுக்கா, குரோவேஷியர் கிளப்புல வந்தவர். அதாவது கிளப்போட பேரு வேண்டாம், அது பெத்த பிள்ளைங்க மட்டும் வேணும்!

கோவமா வருதுல்ல? எனக்கும் வந்தது. ஆனா பெரியவரே, "எங்க மேலயும் தப்பு இருக்குப்பா. குரோவேஷியரும் செர்பியரும் மைதானத்துல அடிச்சுக்கிட்டாங்க. வேற ஆளுங்க குடும்பத்தோட வரப் பயந்தாங்க"ன்னு சொன்னார். புது லீக் வந்ததும் கூட்டம் வந்ததும் உண்மைதான். 2023 பெண்கள் உலகக் கோப்பைல மெடில்டாஸ் அரையிறுதி வரைக்கும் போனப்போ நாடே டிவி முன்னாடி உக்காந்துடுச்சு. அந்த கேப்டன் சாம் கெர்ரோட அப்பா கொல்கத்தால பொறந்தவர், தெரியுமா?

போன வாரம் பெரியவர் என்னை லேக்சைட் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனார். குளிர்ல பல்லு தந்தியடிக்குது. கூட்டம் கம்மி. நீலமும் வெள்ளையுமா ஸ்கார்ஃப் கட்டின கிழவர்கள், பேரப்பசங்க. திடீர்னு பின்னாடிலேர்ந்து "ஹெல்லாஸ்! ஹெல்லாஸ்!"னு சத்தம். போர்டுல இல்லாத பேரு. தொண்டைல அப்படியே இருக்கு.

இடைவேளைல கேட்டேன், பேரு போனதுல உங்களுக்கு என்ன அவ்ளோ வருத்தம்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "ஃபேக்டரில மொத நாளே மேஸ்திரி என் பேரை மூணு எழுத்தா வெட்டிட்டான். வாயில நுழையலையாம். வாரம் பூரா அந்த மூணு எழுத்து. ஞாயித்துக்கிழமை இங்க வந்தா மட்டும்தான் எங்கப்பா வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கடைசில இங்கயும் கத்தரியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

எனக்கு டக்குனு கை சட்டைப் பையை மறைச்சுது. நேரா வேலைலேர்ந்து போயிருந்தேன். சட்டைல பேட்ஜ். அதுல 'சாம்'. எங்க தாத்தா பேரு எனக்கு. இன்டர்வியூலயே மேனேஜர் தெணறினதைப் பாத்து, "சாம்னே கூப்பிடுங்க"ன்னு நானாத்தான் சொன்னேன். பெரியவருக்காவது வேற ஆள் வெட்டினான். எனக்கு நானே வெட்டிக்கிட்டேன்.

ஹெல்லாஸ் கிளப்புகளுக்கு விடிவு வர ரொம்ப வருஷம் ஆச்சு. புது கிளப்புகளுக்கு இனப் பேரு கூடாதுன்னு 2014-ல இன்னொரு விதி போட்டு, 2019-ல எடுத்துட்டாங்க. 2025-ல தேசிய அளவுல ரெண்டாம் நிலைப் போட்டி வந்தப்போ, சவுத் மெல்போர்னும் பிரஸ்டனும் அதுல ஆடினாங்க.

நான் அவ்ளோ நாள் காத்திருக்கப் போறதில்ல. திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட புது பேட்ஜ் கேட்டேன். "அவ்ளோ நீளப் பேரு இதுல புடிக்காதே"ன்னார். "எழுத்தைச் சின்னதாக்கிப் போடுங்க"ன்னு சொல்லியிருக்கேன். இன்னும் வரல.

மேட்ச் முடிஞ்சு ட்ராம்ல வரும்போது பெரியவர் என் முழுப் பேரைக் கேட்டார். ரெண்டு தடவை தடுக்கி விழுந்தார். மூணாவது தடவை சரியாச் சொன்னார். அவரோட முழுப் பேரு எனக்கு இன்னும் வரல. பிராக்டீஸ் பண்ணிட்டு இருக்கேன்.

வெளியூர்ல இருக்கிற மக்களே, உங்க பேரை என்ன பண்ணாங்க, இல்ல நீங்களே என்ன பண்ணீங்க? பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு கேக்காதீங்க. பெரியவர் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல :-(