பொட்டிக் கேமராவும் பாக்கெட் கேமராவும்

எங்க ஆயா செத்தப்ப மாலை போடறதுக்குப் படம் இல்ல. வாக்காளர் அட்டையில ஒண்ணு இருந்துது, தபால்தலை அளவுக்கு. அதைக் கொண்டுபோய் டவுனில் பெரிசு பண்ணச் சொன்னார் அப்பா. பெரிசு பண்ணப் பண்ண முகம் புள்ளிபுள்ளியாய்ச் சிதறிப்போனது. ஸ்டுடியோக்காரர் சளைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை கட்டிய உடம்பில் ஆயாவின் தலையை ஒட்டி, கழுத்தில் சங்கிலி வரைந்து, சட்டம் போட்டுக் கொடுத்தார். சாவற வரைக்கும் நடவு நட்ட பொம்பள. அந்தப் படத்தில் அவளுடையது என்று சொல்ல நெற்றியும் மூக்கும்தான். அதுக்குத்தான் இருபது வருஷமாக் கற்பூரம் காட்டுறோம்.

எங்க ஆளுங்க படம் எடுத்துக்கக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. அப்பா சொல்வார்: 1970களில் டவுன் ஸ்டுடியோ ஒன்றில் கைப்பிடி வைத்த நாற்காலி இருக்கும். ஊர்க்காரர்கள் அதில் உட்கார்ந்து எடுத்துக்கொள்வார்கள். சேரி ஆள் உள்ளே போனால் நாற்காலி ஓரத்துக்கு நகர்ந்துவிடும். நின்னுதான் எடுக்கணும். காசு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

அதே மாதிரி ஒரு ஸ்டுடியோவின் கேமராதான் இப்போது என்னிடம் இருக்கிறது. டிஜிட்டல் வந்து, கடையை மூடி, சாமான்கள் காயலாங்கடைக்கு வந்தபோது வாங்கினேன். நாற்காலி கிடைக்கவில்லை. மரக் கேமரா, பித்தளைத் திருகு, துருத்தி மாதிரி விரிந்து மடங்கும் நடுப்பகுதி. ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி. ஹாஃப் பிளேட் அளவு, அதாவது 4¾ × 6½ அங்குலம். பின்னால் தேய்த்த கண்ணாடி ஒன்று, மூலையில் விரிசலோடு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் எதிரில் உள்ளவர் அந்தக் கண்ணாடியில் தலைகீழாய், வண்ணத்தோடு, அசைந்துகொண்டு தெரிவார். முதல்தடவை பார்த்தபோது துணியை விட்டு வெளியே வர மனசில்லை. தலைகீழ் என்பதில் பெரிய உவமை இருக்கிறது, கவிதை எழுது என்றார் ஒரு தோழர். எனக்கு வேண்டாம். எனக்குப் படம் வேண்டும்.

அதுதான் முடியவில்லை. பிளேட் வைக்கும் சட்டம் கேமராவோடு வரவில்லை. கண்ணாடி பிளேட்டின் காலமும் போய்விட்டது. ஷீட் ஃபிலிம் வரவழைக்கலாம். ஒரு படத்துக்கு ஒருநாள் கூலி போகும். அப்புறம் அதைக் கழுவ இருட்டறை, மருந்து. கேமரா ஒரு வருஷம் பரணில் கிடந்தது.

என்னிடம் இன்னொரு கேமராவும் உண்டு. சட்டைப் பாக்கெட்டில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. 2012இல் உண்மை அறியும் குழுவோடு போவதற்காக வாங்கியது. எரிந்த கூரை, உடைந்த ஓடு, வெட்டுக்காயம், மூளி செய்யப்பட்ட அம்பேத்கர் சிலை. போலீஸ் வருவதற்குள் எடுக்கணும், ஆஸ்பத்திரியில் மறைத்து எடுக்கணும். அதற்கு அந்தக் கேமரா மாதிரி தோழன் கிடையாது. ஒருநாள் ராத்திரி அதில் சேர்ந்த படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம். எங்க ஜனங்களில் ஒருத்தராவது நிம்மதியாய் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எடுத்தது வேறு யாரும் இல்லை, நான்.

வெள்ளைக்காரன் காலத்திலும் எங்களைப் படம் பிடித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் சேர்த்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி வெளிவந்தது. பெரும்பாலான படங்களுக்குக் கீழே ஆளின் பெயர் கிடையாது, சாதிப்பெயர்தான். எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் அதைப் புரட்டிவிட்டு இரண்டுநாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. அளக்கப்பட்டவர்களாய் அதில் இருந்தோம். அடிபட்டவர்களாய் என் கேமராவில் இருக்கிறோம்.

அப்போதுதான் ரெண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. பெரிய கேமராவின் கண்ணாடியில் விழுகிற உருவத்தைச் சின்னக் கேமராவால் எடுப்பது. கேட்க லேசாய் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் துளியும் புகாமல் அட்டைப்பெட்டி ஒட்டணும், உள்ளே கறுப்பு மை பூசணும், கடைசியில் சின்னக் கேமராவின் மூக்கு நுழைகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் உள்ளதை எடுப்பதற்கான பூ அடையாளத்தில் அதை வைக்கணும். நான் முதலில் எடுத்த பதினெட்டுப் படத்திலும் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. ஃபிளாஷை அணைக்க மறந்திருக்கிறேன்; அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி உருவத்தை விழுங்கிவிட்டது. அடுத்து எடுத்ததில் நடுவில் பளிச்சென்று வட்டம், ஓரமெல்லாம் இருட்டு. புத்தகம் படிக்க விற்கிற தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ், வட்டம் வட்டமாய்க் கோடு போட்டது, அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தபிறகு வெளிச்சம் ஓரளவு பரவியது. மரத்தடி நிழலில் கால் செகண்டு, அரை செகண்டு பிடிக்கிறது. பட்டனைக் கையால் அமுக்கினால் ஆடும். ரெண்டு செகண்டு டைமர்தான் வழி. தலைகீழாய் விழுவதற்கும் வைத்தியம் சுலபம். சின்னக் கேமராவையே கவிழ்த்து வைத்துவிட்டேன், படம் நேராய் வந்துவிடும்.

நிறம்தான் கடைசிவரை பாடாய்ப்படுத்தியது. அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. எங்கள் தோலின் பழுப்பில் சிவப்பு இருக்கிறது. அதனால் இருப்பதைவிடக் கறுப்பாய் விழும். ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருப்பார்கள், போதாததற்கு நெகடிவ்மேல் பென்சிலால் தீட்டி வெளுப்பாக்குவார்கள். அப்புறம் கலர் வந்தது. கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயரே உண்டு. அவள் முகம் சரியாய் வந்தால் எல்லாம் சரி. டிஜிட்டலும் யோக்கியம் இல்லை. எதிரில் எது இருந்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் எங்க ஆள் நின்றால் சுவரை அடக்குகிறேன் என்று முகத்தைக் கரியாக்கிவிடும். சுவர் வெளுத்துப்போனால் போகட்டும் என்று வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைத்துக்கொண்டேன். முகத்துக்கு வெளிச்சம் பார்ப்பதை இந்த ஓட்டைப் பெட்டிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

சின்னாயா, ஆயாவின் தங்கச்சி, எண்பதைத் தாண்டியவள். வேப்பமரத்தடியில் கேமராவை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூட நாற்காலி ஒன்றைப் போட்டேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டாள்.

"சின்னாயா, மேல உக்காரு."

"எனக்கு இதான் வாட்டம். நீ எடு."

"தரையில உக்காந்தா கேமராவுக்கு எட்டாது சின்னாயா." பொய்தான். ஸ்டேண்டை இறக்கினால் எட்டும்.

ஏறி உட்கார்ந்தாள். நான் துணிக்குள் போய்த் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற லென்ஸைக் கண்ணாடிமேல் வைத்துக் கண்ணைத் தெளிவாக்கணும், அதற்கே பத்து நிமிஷம். நடுவில் தண்ணி கேட்டாள், வெற்றிலை போட்டாள், யார் யாரையோ திட்டினாள். பாக்கெட் கேமராவோடு போனால் இந்தப் பத்து நிமிஷம் கிடைக்காது. எடுத்தேன், வந்தேன் என்று இருக்கும். "எம்மா நேரம்டா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம்" என்றாள். பெட்டியைப் பொருத்தி மூச்சைப் பிடிச்சுக்கச் சொன்னேன். பிடித்தாள்.

ஒன்பது எடுத்ததில் ஒன்று தேறியது. கண்ணாடியின் மணல் படம் முழுக்கத் தெரிகிறது, விரிசல் வலதுபக்கம் ஒரு கோடாய் விழுந்திருக்கிறது. ஃபிலிமில் வரும் நுணுக்கம் இதில் வராது. அந்தக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்த முகத்தை, விரல் நகத்தைவிடச் சின்ன சில்லு ஒன்று வாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் முடியும். ஆனால் நாற்காலிக் கைப்பிடிமேல் கிடக்கிற அந்தக் கை அவளுடையது. புடவை அவளுடையது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்காவாட்டமே இருக்கறன்" என்றாள். அப்புறம், "உங்க பெரியம்மாவையும் எடு. அவ நாளைக்கி வேலைக்கிப் போவல."

பெட்டியின் ஒரு ஓரம் பிரிந்திருக்கிறது. காலையில் ஒட்டணும்.