அண்ணன் விட்டுச் சென்ற வீரன்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூனாகலை மாகல்தெனியவில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மீரியபெத்த மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. வீடிழந்து நின்ற குடும்பங்களுக்கு 2016 இல் அங்கே 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அது. வாசலில், பத்தாம் வகுப்பிற் படிக்கும் பேரப்பிள்ளை ஒருவன் முகத்தைச் சுளித்தபடி ஒரு நாயின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா ஆசைக்கு வளர்த்தா, தாத்தா. இப்ப வேலைக்குன்னு கொழும்புக்குப் போயிட்டா. இதை என் தலையில கட்டிட்டா” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். பையனுக்குக் கோபம். ஆனால் நான் சிரித்தது அவனைப் பார்த்தன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மீரியபெத்த லயத்து இஸ்தோப்பில் நின்று இதே சொற்களைச் சொன்ன பதினைந்து வயதுச் சிறுவனைப் பார்த்து.

அந்தக் கதையை இளைய தலைமுறைக்குச் சொல்வதானால், சிறிது வரலாறும் சொல்ல வேண்டும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது கணக்கு. கணக்குத் தாளில் நேராகத்தான் இருந்தது. லயத்தில் அது தாயையும் மகனையும், அண்ணனையும் தம்பியையும் பிரித்துக்கொண்டு போயிற்று. அவர்கள் வளர்த்த மாட்டையும் ஆட்டையும் நாயையும் யார் ஏற்பது என்று எவரும் கணக்கிடவில்லை.

என் அண்ணன் மணம் முடித்துத் தொங்கல் காம்பராவில் இருந்தார். அண்ணியின் பெற்றோரோடு சேர்ந்து அவர் இந்தியாவுக்கு மனுச் செய்தார். அப்பாவை இழந்த அம்மாவும் நானும் இலங்கைக்கு மனுச் செய்தோம். 1974 இல் அண்ணனுக்குக் கடவுச்சீட்டு வந்தது. பாத்திரங்களை விற்றார், கோழிகளைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தார். நாயை மட்டும் யாரும் வாங்கவில்லை. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமலிருக்க அவர் வளர்த்த செம்மண் நிற நாய் அது. பெயர் வீரன், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான்.

“தம்பி, இவனைப் பாத்துக்கப்பா” என்றார் அண்ணன். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

ஹப்புத்தளையில் கோச்சி ஏற்றிவிட்டு வந்தோம். தலைமன்னார் வரை கோச்சி; அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். பிரிந்து போவோரின் அழுகையால் அந்தக் கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மலையகத்தில் பெயர் வழங்கிற்று. நாங்கள் திரும்பி வந்தபோது, பூட்டிய தொங்கல் காம்பராவின் வாசற்படியில் வீரன் படுத்திருந்தான். சில நாளில் அங்கே வேறு குடும்பம் குடியேறியது. அவர்கள் விரட்டினார்கள். அவன் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தான்.

அது பஞ்சகாலம். 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. இலங்கையில் கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தாருக்கு மரவள்ளி நடவாவது நிலம் இருந்தது; லயத்தாருக்கு அதுவும் அரிது. 1974 இல் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. அந்த நாட்களில் அம்மா சுடும் ரொட்டி ஆளுக்கு ஒன்று. அம்மா தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து இஸ்தோப்புக்கு எடுத்துச் செல்வாள். அந்தத் துண்டு என் கண்ணில் முள்ளாகக் குத்தியது. அண்ணன் மீதிருந்த கோபமெல்லாம் நாயின் மீது திரும்பிற்று. ஆசைப்பட்டவர் கடல் கடந்து போய்விட்டார். பட்டினியைப் பங்கிடுபவர்கள் நாங்களா?

ஒரு சனிக்கிழமை அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினேன். கொஸ்லந்தைக்கு இறங்கி, வெல்லவாய வீதியில் தியலும நீர்வீழ்ச்சியையும் தாண்டி நடந்தேன். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்த நீரை வீரன் நின்று பார்த்தான்; நான் பார்க்கவில்லை. சிறிது தூரத்தில் ஒரு மதகு. கயிற்றை அவிழ்த்து, “இரு” என்றேன். அண்ணன் பழக்கிய சொல் அது. வீரன் உட்கார்ந்தான். அவ்வழியே மேலேறி வந்த லொறியை மறித்து ஏறிக்கொண்டேன்.

இரவு அம்மா கேட்டாள்; சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. தன் ரொட்டியை மூடி வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து, “நமக்கும் இப்படித்தானேப்பா. அவுங்களும் வேணாங்குறாங்க, இவுங்களும் வேணாங்குறாங்க. நாமளும் அதையே செய்யலாமா?” என்றாள்.

விடிவதற்கு முன் புறப்பட்டேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. அவன் எங்காவது போயிருப்பான், யாராவது சோறு போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். வீரன் போகவில்லை. நான் “இரு” என்று சொன்ன அதே மதகின் அருகில், நனைந்து, காலெல்லாம் அட்டை கடித்த இரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டு எழுந்தான். வாலை ஆட்டினான். கோபிக்கவும் தெரியாத அந்தப் பிராணியின் முன் நான் கூசிப் போனேன்.

அன்றிலிருந்து ரொட்டித் துண்டு என் பங்கிலிருந்து போயிற்று.

அண்ணன் முதலில் மண்டபம் முகாமிலிருந்து எழுதினார், பிறகு நீலகிரியிலிருந்து. தாயகம் திரும்புவோருக்கென்று தமிழக அரசு 1968 இல் அங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அதில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு வரி: “வீரன் இருக்கிறானா?” நாங்கள் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று கேட்காமல் நாயைக் கேட்கிறாரே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அம்மா நலமா, லயம் அப்படியே இருக்கிறதா, என்னை மறந்துவிட்டீர்களா என்று கேட்கத் துணியாதவர் அந்த ஒரு வரியில் எல்லாவற்றையும் கேட்டார் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று.

1980 இல் வீரன் இறந்தான். லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். அண்ணனுக்கு எழுத மனம் வரவில்லை. “வீரன் நலம்” என்றே இரண்டு ஆண்டுகள் எழுதினேன். பிறகு ஒரு கடிதத்தில் அண்ணன் எழுதினார்: “அவன் வயதைக் கணக்குப் பார்த்தேன், தம்பி. இனிக் கேட்கமாட்டேன்.” 1984 இல் கப்பலும் நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் மீண்டும் காணவேயில்லை. 2014 இல் அந்தக் கொய்யா மரமும் மண்ணுக்குள் போயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன், “அப்போ அக்கா செஞ்சது சரியா, தாத்தா?” என்றான். சரியன்று. ஓர் உயிரை ஒப்படைப்பவர் முதலில் கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதன் தீனியிலும் தடுப்பூசியிலும் பங்கேற்க வேண்டும். அக்காளிடம் அதைக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த வழக்கு அவனுக்கும் அக்காளுக்கும் இடையிலானது. வாசலில் கிடக்கும் நாய் அதில் பிரதிவாதி அன்று.

அண்ணன் இப்போது இல்லை. மதகருகே வீரனை விட்டுவந்த அந்த ஓர் இரவை மட்டும் நான் அவருக்கு எழுதவேயில்லை. இன்று எழுதிவிட்டேன்.