லத்தி அள்ளுகிறவன்

பேராண்டி, பெங்களூரில் குதிரையேற்றம் சொல்லித்தருகிற இடத்தில் உனக்கு லாயத்து வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். 2001-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடின நாளிலிருந்து நம்ம கோரமண்டல் பிள்ளைகளின் பிழைப்பு விடியற்காலை ரயிலில்தான் ஓடுகிறது. நீயும் அதில் ஏறிவிட்டாய். ஆனால் "குதிரையைத் தேய்ப்பேன், தண்ணி காட்டுவேன், லத்தி அள்ள மட்டும் வேறே ஆள் பார்க்கட்டும்" என்று உன் அம்மாவிடம் முறைத்தாயாமே? அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினவர். குதிரை வாங்கப் போனால் தரகர் வாயைப் பிளந்து பல்லைக் காட்டுவார். அப்பா பின்னால் போய் வாலைத் தூக்கிப் பார்ப்பார். வாலின் அடிமயிர் தேய்ந்து சொரசொரத்திருந்தால், கீரிப்பூச்சி ஆசனவாயில் முட்டையிட்டு, அரிப்பு தாங்காமல் சுவரில் உரசுகிற குதிரை என்று அர்த்தம். அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். முன்னங்கால் மயிரில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருக்கும். ஒரு வகை ஈ இட்டது. குதிரை காலை நக்கும்போது அதன் குஞ்சுப்புழு வாய்க்குள் போய், பிறகு இரைப்பையில் கொக்கி போட்டு மாதக்கணக்கில் தொங்கும். மொட்டைக் கத்தியால் அவற்றைச் சுரண்டிவிடுவார். இவ்வளவும் முடிந்தாலும் காசை எடுக்கமாட்டார். குதிரை லத்தி போடுவதைப் பார்க்கிறவரை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். தரகருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எல்லாவற்றிலும் கெட்டது ரத்தம் குடிக்கிற பெரிய சிவப்புப் புழு. அதன் முட்டை லத்தியோடு வெளியே விழும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள்ளேயே பொரித்து வளர்ந்து, பனி ஈரத்தில் புல்மேல் ஏறிவிடும். மேய்கிற குதிரை புல்லோடு அதையும் தின்னும். உள்ளே போன குஞ்சுப்புழு குடலோடு நிற்காது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய நாளத்துக்குள் புகுந்து அங்கே சில மாதம் வளரும். நாளம் தடித்து, ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பிய்ந்துபோய் அடைத்தால் குடலில் ஒரு பாகம் செத்தே போகும். குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், விழுந்து புரளும். சூலை என்று சொல்லி மூங்கில் குழாயில் ஓமத்தண்ணி ஊற்றுவார்கள்; அது மூச்சுக்குழாயில் போய்ச் செத்த குதிரையும் உண்டு. எல்லாச் சூலையும் புழுவால் வருவதில்லை. ஆனால் எந்தச் சூலைக்கும் முதலில் டாக்டரைக் கூப்பிடு, குழாயைத் தேடாதே.

ஓமம் என்றதும் சுரங்கத்து விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. நம்ம சுரங்கங்களுக்குக் கேப்டன்களாக வந்த வெள்ளைக்காரர்களில் நிறையப் பேர் கார்ன்வால்காரர்கள். அவர்களுடைய ஊரில் டோல்கோத் சுரங்கத்து ஆட்கள் சோகை பிடித்து, ஏணி ஏற முடியாமல் மூச்சு வாங்கினார்கள். கெட்ட காற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1902-ல் ஹால்டேன் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து, கொக்கிப்புழு என்று கண்டார்கள். சுரங்கத்து அடியில் கக்கூஸ் கிடையாது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் மலம் கிடந்தால் புழுவுக்குக் கொண்டாட்டம். தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். அந்தக் காலத்து மருந்து தைமால், ஓமத்திலிருந்து எடுப்பது. மருந்தால் வயிற்றுப் புழு போகும். மறுநாள் அதே மண்ணில் இறங்கினால் திரும்ப வரும். அதனால் கீழே மலவாளி வைத்துச் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. குதிரைப் புழு வேறே சாதிதான், ஆனாலும் கணக்கு இதேதான். மேய்ச்சல் இடத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை லத்தியை அள்ளி எடுத்தால் புல்லில் புழு வெகுவாகக் குறையும். நீ கேவலம் என்று நினைக்கிற வேலைதான் அந்த லாயத்தில் பெரிய வைத்தியம்.

மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜப்பானில் ஓமுரா என்பவர் எடுத்த மண்ணில் இருந்த கிருமியிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்து, 1980-களில் கால்நடைகளுக்கு வந்தது. 2015-ல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. நல்ல மருந்து. அதைக் கெடுப்பது நம்ம கைதான். 1960-களில் அமெரிக்காவில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் உலகமெல்லாம் பரவி, குடல் சுவரில் ஒளிந்துகொள்கிற சின்னச் சிவப்புப் புழுவுக்குப் பழைய மருந்துகள் பல இடங்களில் பலிக்காமலே போய்விட்டன. இப்போது லத்தியை உப்புத்தண்ணியில் மிதக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் முட்டையை எண்ணி, நிறைய இருக்கிற குதிரைக்கு மட்டும் கொடுக்கிறார்கள். காலையில் விழுந்த புது லத்தியில் ஓர் உருண்டையைக் கவரில் போட்டு, வெயில் படாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

அளவையும் கண்மதிப்பில் போடாதே. குறைத்துக் கொடுத்தால் பலமான புழு பிழைத்துப் பெருகும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு எடு. தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் எடு. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்று 150 செ.மீ., நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்படியானால் 53 மில்லிகிராம். குட்டிக்கு மட்டும் டாக்டர் இல்லாமல் கை வைக்காதே. அதன் வயிற்றில் பென்சில் தடிமனில் வெள்ளைப் புழு மண்டியிருந்தால், மருந்தில் ஒரேயடியாகச் செத்துக் குடலை அடைத்துவிடும்.

இன்னொன்று, லாயத்துக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருக்கிறார்களா? மாட்டு வயிற்றில் சும்மா கிடக்கிற ஒரு நூல்புழுவின் குஞ்சைக் கொசு குதிரைக்குக் கொண்டுவரும். அது வழி தப்பித் தண்டுவடத்துக்குப் போனால் பின்பாகம் ஆடும், கால் இழுக்கும்; அதைக் கும்ரி என்பார்கள். கண்ணுக்குள் போனால் வெள்ளை நூல் நெளிவது தெரியும். டாக்டர்கள் கீறி எடுத்துவிடுவார்கள். தினமும் கண்ணைப் பார். கொசுவுக்கு இடம் கொடுக்காதே.

புதுக் குதிரை வந்தால் தனியாகக் கட்டச் சொல். லத்தி சோதித்து, மருந்து கொடுத்து, 14 நாள் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். முட்டை குறையவில்லை என்றால் அந்த மருந்து அங்கே வேலை செய்யவில்லை. சோதனைக்கு முதலாளி காசு தர யோசித்தால், தேவையில்லாமல் வாங்குகிற மருந்துச் செலவைக் கணக்குப்போட்டுக் காட்டு.