யார் இந்தச் ‘சாந்தன்’?

காலை நிகழ்ச்சியில் அழகுக் குறிப்பு என்று வாயெடுத்தால் போதும், நிலையத்தின் புலன எண்ணுக்குப் படங்கள் குவியத் தொடங்கிவிடும். பெரும்பாலும் முகப்பூச்சுப் போத்தல்களின் பின்பக்கப் படங்கள். ஏதாவது ஒரு பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, “இதைப் பூசலாமா?” என்று நேயர்கள் கேட்டிருப்பார்கள். அடிக்கடி அந்த வட்டத்துக்குள் சிக்கும் பெயர் ‘ஸாந்தன் கம்’.

என் அம்மாவும் அதில்தான் நின்றுவிட்டார். மருந்தகத்தில் நான் வாங்கிவந்த ஈரப்பூச்சின் பொருள் பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்தவர், “யாரும்மா இந்தச் சாந்தன்?” என்றார். வீடே சிரித்தது. ஆனால் அவர் அந்தப் போத்தலைத் தொடவில்லை. “வாயில நுழையாத பேரையெல்லாம் மூஞ்சியில ஏன் பூசணும்?”

நியாயமான கேள்விதான். அதனால் அந்தச் சாந்தனைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஸாந்தன் கம் என்பது ஒரு பிசின். வெந்தயத்தை இரவில் ஊறவைத்தால் காலையில் வழவழவென்று வருமே, செம்பருத்தி இலையைக் கசக்கினால் கையில் ஒட்டுமே, அந்த வழவழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. ஸாந்தனும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான்: வெந்தயத்தில் அதைச் செடி தயாரிக்கிறது, இங்கே ஒரு பாக்டீரியா தயாரிக்கிறது. முட்டைக்கோஸ் இலையில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் அதே பாக்டீரியா.

முகம் சுளிக்க வேண்டாம். தோசை மாவு புளிப்பதும் பால் தயிராவதும் நுண்ணுயிர்களின் வேலைதானே? தொழிற்சாலையில் அந்தப் பாக்டீரியாவுக்குச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து வளர்க்கிறார்கள். அது பிசினைச் சுரந்த பிறகு, சூடாக்கிக் கிருமியைக் கொன்று, ஆல்கஹால் சேர்த்துப் பிசினைப் பிரித்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பொருள் இது. 1969இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை உணவில் சேர்க்க அனுமதித்தது. உணவுப் பொட்டலங்களில் ‘இ415’ என்று இருந்தால் அது இதுதான். சாஸ், ஐஸ்கிரீம், கோதுமை சேராத ரொட்டி என்று நம் வீட்டுச் சமையலறைக்குள் இது எப்போதோ வந்துவிட்டது.

முகப்பூச்சில் இதற்கு என்ன வேலை? நீரும் எண்ணெயும் சேர்ந்ததுதான் பெரும்பாலான பூச்சுகள். இரண்டும் தாமாகச் சேர்ந்திருக்காது. அவற்றைக் கலப்பது வேறொரு பொருளின் வேலை. கலந்தது மறுபடி பிரிந்துவிடாமல், எண்ணெய்த் துளிகளை அசையவிடாமல் பிடித்துவைப்பது இந்தப் பிசினின் வேலை. இல்லாவிட்டால் போத்தலின் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நிற்கும். முதல் நாள் பூசியதும் முப்பதாவது நாள் பூசியதும் ஒன்றாக இருக்காது.

இதற்கு இன்னொரு குணமும் உண்டு. சில்லி சாஸ் போத்தலைச் சும்மா கவிழ்த்தால் வராது, குலுக்கினால் ஓடிவரும். அதுபோல, ஸாந்தன் சேர்ந்த பூச்சு போத்தலில் கெட்டியாக இருக்கும், விரலால் தேய்க்கும்போது இளகிப் பரவும், கையை எடுத்ததும் மறுபடி இறுகும். இவ்வளவுக்கும் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே இது தேவைப்படுகிறது. பொருள் பட்டியலில் அதிக எடையுள்ளது முதலில் வரும் என்பதால், இதன் பெயர் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் இருக்கும்.

பாதுகாப்பு? இதன் மூலக்கூறு மிகப் பெரியது. தோலைத் துளைத்து உள்ளே போகாது, மேலே மெல்லிய படலமாக நின்றுவிடும். ஒப்பனைப் பொருள்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழுவும் இதைப் பாதுகாப்பானது என்றே மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் எதுவும் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஸாந்தன் சேர்ந்த ஓர் உணவுத் தடிப்பூட்டியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. அது பச்சிளம் குடலைப் பற்றிய எச்சரிக்கை, தோலைப் பற்றியது அல்ல. எந்தப் புதிய பூச்சையும் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

ஒன்றை மட்டும் இந்தப் பிசின் செய்யாது. கெட்டியாக இருப்பதாலேயே ஒரு கிரீம் ‘சத்தானது’ ஆகிவிடாது. விரலில் எடுத்தால் வழியாமல் நிற்பதைக் காட்டி விலையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கெட்டித்தன்மைக்குச் சிட்டிகைப் பிசின் போதும்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் என் சின்னம்மா. அம்மாவைவிட எச்சரிக்கையானவர், புரியாத பெயர் இருந்தால் வாங்கவே மாட்டார். அப்படிப்பட்டவர் இரவுச் சந்தையில் ஒரு வெள்ளை டப்பா வாங்கினார். ‘ஒரே வாரத்தில் பளபளப்பு’. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, பொருள் பட்டியல் இல்லை. பயப்பட ஒரு பெயர்கூட இல்லாததால் சின்னம்மாவுக்குப் பயமும் இல்லை. வாரத்தில் முகம் வெளுத்தது, எல்லாரும் பாராட்டினோம். சில மாதங்களில் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, வெயிலில் இறங்கினாலே எரிந்தது. பூச்சில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் தோல் மருத்துவர்.

இது சின்னம்மாவுக்கு மட்டும் நடந்ததல்ல. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கலந்த பூச்சுகளைப் பற்றி நம் சுகாதார அமைச்சு அடிக்கடி அறிக்கை விடுகிறது. இவற்றில் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரோடு நிற்காமல், துண்டு வழியாகவும் தொடுதல் வழியாகவும் வீட்டுக் குழந்தைகளையும் எட்டும். இந்தப் பெயர்கள் எதுவும் அந்த டப்பாக்களில் அச்சாகியிருக்காது.

‘கெமிக்கலே வேண்டாம்’ என்று வீட்டிலேயே கற்றாழை ஜெல் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டியாக இருந்தாலும் அது தண்ணீர்தான். பதப்படுத்தி சேர்க்காவிட்டால் கிருமி வளரும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள், முகப்பரு கிள்ளிய இடத்தில் பூசாதீர்கள்.

கடையில் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். நீளமான பட்டியல் இருந்தால் மிரள வேண்டாம், பட்டியலே இல்லாததைத்தான் திருப்பி வைக்க வேண்டும். மலேசியாவில் விற்கும் ஒப்பனைப் பொருள்களை என்பிஆர்ஏ எனும் மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்பு எண் ‘என்-ஓ-டி’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். முகமையின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம்கூட ஆகாது. சிங்கப்பூரில் இந்தப் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்துடையது. அறிவிப்பு எண் இருப்பதாலேயே ஒவ்வொரு போத்தலையும் அரசு சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பிரச்சினை வந்தால் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அர்த்தம்.

பெயரில்லாத டப்பா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். முகத்தில் எரிச்சலோ சிவப்போ இருந்தால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு பூச்சைத் திடீரென நிறுத்தினாலும் தோல் கிளர்ந்தெழலாம் என்பதால், எப்படி நிறுத்துவது என்று அவரே சொல்லட்டும்.