தாத்தாவின் ஜனதா



எங்க ஊர் பாம்பன். தாத்தா கையில் எப்போதும் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் இருக்கும். தினமும் காலையில் சாவி கொடுப்பார். கடலுக்குப் போகும்போது மட்டும் கழற்றிப் பாட்டியிடம் கொடுத்துவிடுவார். "உப்புத் தண்ணி பட்டா போச்சுடா" என்பார்.

அவர் இறந்தபின் அது பெட்டியில் ஓடாமல் கிடந்தது. எனக்கோ பளபளப்பான வாட்ச் மேல் ஆசை. தீபாவளிக்குச் சேர்த்த 900 ரூபாயில், செல்போனில் பார்த்து, நீல முகப்பு வைத்த பழைய எச்.எம்.டி. ஒன்று வாங்கினேன். ஒரே வாரத்தில் நின்றுவிட்டது!

ராமநாதபுரத்தில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் மூடியைத் திறந்து பார்த்தார். "தம்பி, முகப்புக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. உள்ளே நாலு வாட்ச்சோட சாமான் கிடக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் விசாரித்தேன். எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-ல் அந்தப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. பழசுக்கு மவுசு. மவுசு உள்ள இடத்தில் போலியும் வரும். 2018-ல் தொடங்கிய பெங்களூர் வாட்ச் கம்பெனி போன்ற சிறிய கம்பெனிகள் கொஞ்சமாகச் செய்து விற்கின்றன. ஆனால் அந்த விலை நமக்கு எட்டாது.

இன்னொன்று நண்பர்களே! வாட்ச்சில் '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்காதீர்கள். தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான்.

மறுவாரம் தாத்தா வாட்ச்சைக் கொண்டுபோனேன். "இது அசல். எண்ணெய்தான் காஞ்சிருக்கு" என்றார். சுத்தம் செய்ததும் டிக் டிக்!

அப்பா அதைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மறுநாள் கடலுக்குப் போகுமுன் கழற்றி என் கையில் கொடுத்தார்.



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்