பட்டப்பெயர்களும் பார்த்து நிற்போரும்

ஆரம்பப் பாடசாலையை முடித்து ஆறாந் தரத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பத்தாண்டுகளாக நாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். புத்தகப் பையோடும் புலமைப்பரிசிற் புள்ளிகளோடும் பட்டப்பெயர்களையும் அவர்கள் சுமந்து வருகின்றனர். தகப்பனின் தொழில், தோலின் நிறம், திக்குகின்ற நாக்கு என்பனவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்தே அப்பெயர் பிறந்திருக்கும். சென்ற ஆண்டு, இடாப்பில் தன் பெயர் வாசிக்கப்பட்டபோது ஒரு சிறுவன் எழுந்து நிற்கத் தயங்கினான். ஐந்தாண்டுகளாகச் சகமாணவர் எவரும் அவனை அப்பெயரால் அழைத்ததில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இது வெறும் விளையாட்டென்பர் சிலர். விளையாட்டிலே வெற்றியும் தோல்வியும் கைமாறும். ஒரு பிள்ளையே மீண்டும் மீண்டும் இலக்காகி, எதிர்த்து நிற்க வலுவின்றித் தவிக்குமாயின் அது வதையேயாகும். 1970களில் இதனை ஆராய்ந்த டான் ஒல்வேயுஸ் என்பார், வேண்டுமென்றே செய்தல், தொடர்ந்து செய்தல், பலத்தில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் இதன் இலக்கணமாக வகுத்தார்.

இவ்வேற்றத்தாழ்வைப் பிள்ளைகள் தாமாகப் படைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சமஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் பிறந்தது. வாங்கு சமமாயிற்று, வீட்டுத் திண்ணையிற் பேசப்படும் பேச்சுச் சமமாகவில்லை. அப்பேச்சையே எட்டு வயதுப் பிள்ளை வகுப்பறைக்குக் கொண்டுவருகின்றது.

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பிரம்பு தீர்வன்று. வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்னும் பாடத்தையே அது மீண்டும் புகட்டும். துன்புற்ற பிள்ளையையும் துன்புறுத்திய பிள்ளையையும் வகுப்பின் முன் நிறுத்தி விசாரிப்பதும் தவறு. அது துன்புற்ற பிள்ளையை மறுமுறையும் நாணச் செய்யும். இருவரோடும் தனித்தனியே பேசுதல் வேண்டும். இடைவேளையின்போது தண்ணீர்க் குழாயடியிலும் மலசலகூடத்தருகிலும் ஆசிரியரின் கண் இருத்தல் வேண்டும். முறையிட்ட பிள்ளையை ஒரு கிழமை கழித்து மீண்டும் அழைத்து விசாரித்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பார்த்துச் சிரிக்கும் ஏனைய பிள்ளைகளைப் பற்றிய கவனமாகும். வதை செய்பவன் அச்சிரிப்பையே கூலியாகப் பெறுகின்றான். பின்லாந்தின் பாடசாலைகளில் உருவான திட்டமொன்று பார்த்து நிற்போரின் மனத்தை மாற்றுவதையே தன் அடிப்படையாகக் கொண்டது. கேலியைக் கண்டு சிரியாதிருக்கவும், தனித்து நிற்பவன் அருகே சென்று அமரவும் ஏழு வயதிலேயே பழக்கலாம். ஆனால் ஆசிரியரே பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வகுப்பில் இது கைகூடாது.

அநீதியைக் கண்டு வாளாவிருக்கப் பழகிய பிள்ளை, வளர்ந்த பின்னும் வாளாவிருக்கும். சமத்துவத்தை மேடையிற் பேசும் நாம், அதனை முதலில் நாட்ட வேண்டிய இடம் ஆரம்ப வகுப்பறையே.