பத்து நிமிஷம்

எட்டு நாள் சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலைக் குவஹாத்தியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கூடவே அனுமதிச் சீட்டு. அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய 1873ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்தின்படி அது இன்னும் வேண்டும். தவாங்கில் இரண்டாம் நாள்: பும் லா கணவாய், மாதுரி ஏரி, மாலையில் கடைவீதி. உர்கெல்லிங் அதில் இல்லை. நான் கிளம்பி வந்ததே உர்கெல்லிங்கைப் பார்க்கத்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டியிருக்கும்.

1683ல் ஆறாவது தலாய் லாமா பிறந்த இடம் அது. மறுபிறவி என்று அடையாளம் கண்டு சிறு வயதிலேயே கொண்டுபோய்விட்டார்கள். 1702ல் துறவு விரதங்களைத் திருப்பிக் கொடுத்தார். 1706ல் பதவியைப் பறித்துச் சீனாவுக்குக் கொண்டுபோகிற வழியில் இறந்துபோனார். அவர் பெயரில் வழங்கும் காதல் கவிதைகள் பெரும்பாலும் நாலு வரி, வரிக்கு ஆறு அசை. ஆங்கிலம் வழியாகப் பதினான்கைத் தமிழில் செய்து வைத்திருக்கிறேன். எதுவும் நாலு வரியில் நின்றதில்லை.

பும் லா 15,200 அடி. ராணுவத்தினர் எங்களை வரிசையாக நிறுத்தி, 1962ல் சண்டை நடந்த மலையைக் காட்டினார்கள். மூச்சு வாங்கியது. ஏரியின் பழைய பெயர் ஸங்கேத்ஸர். 1997ல் வந்த 'கோய்லா' படத்துக்காக மாதுரி தீட்சித் வந்து போனபிறகு பெயர் மாறிவிட்டது. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றபடியே இருக்கின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நடிகைக்காக இவ்வளவு உயரம் ஏறி வருகிறார்களே என்று இளப்பமாக நினைத்தேன். அப்படி நினைத்தது சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பும்போது கைடிடம் கேட்டேன். கடைவீதி நேரத்திலிருந்து பத்து நிமிஷம் கொடுத்தார். மற்றவர்கள் வண்டியிலேயே இருந்தார்கள். மோன்பா டிரைவர் மட்டும் கூட வந்தான்.

சின்னக் கோயில். அவர் ஊன்றிய தடி முளைத்தது என்று சொல்லப்படும் மரம். ஒரு கிழவி விளக்குக்கு வெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்கச் சொன்னேன். என் இந்தி அரைகுறை. அதை அவன் மோன்பாவில் கேட்டு, அவள் சொன்னதை இந்தியில் திருப்பினான். பாட்டெல்லாம் தெரியாதாம். "சின்னப் பையன். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பவே இல்லை." நேற்று நடந்த மாதிரி சொன்னாள். பிறகு, எந்த ஊர், என்ன பாஷை என்று விசாரித்தாள். உன் பாஷையில் அவன் பாட்டு இருக்கிறதா? இருக்கிறது என்றேன். சொல்லு என்றாள்.

பதினான்கில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நோட்டு பையில்; பை வண்டியில். அவள் காத்திருந்தாள். ஹார்ன் அடித்தார்கள்.

"என்ன ஸார் அங்கே?" என்று கேட்டார் பக்கத்து சீட்டுக்காரர்.

"கவிஞர் ஒருவர் பிறந்த இடம்."

"படம் எடுத்தீர்களா?"

எடுத்திருந்தேன். மூன்று.

ஊர் வந்து நோட்டைப் பிரித்தேன். காதலன் இருக்கிறான், மதுக்கடை இருக்கிறது, மாளிகையில் அடைபட்டவனின் மிடுக்கு இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகப்பட்ட பையன் ஒன்றிலும் இல்லை. மூலத்திலேயே இல்லையா, என் காதில்தான் விழவில்லையா என்பதைத் திபெத்திய மொழி தெரியாத நான் எப்படிச் சொல்ல? இந்த இதழுக்கு அந்த மொழிபெயர்ப்புகளைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவற்றுக்குப் பதிலாக இதை அனுப்புகிறேன்.